கல்லினுள் உயிர் கண்டவர்: கார்ல் பாபெர்ஜேயின் சரித்திரம்

விலையுயர்ந்த பொருள் எது, உயர்ந்த பொருள் எது என்னும் கேள்வி பார்வைக்கு எளியது. ஆயினும் அதற்கு நேரான விடை கூறுவது எளிதன்று. வைரத்தையும் முத்தையும் நிறுத்து விலை சொல்லும் வியாபாரி ஒரு விடை கூறுவான். அவற்றை நகையில் இழைக்கும் தொழிலாளி வேறொரு விடை கூறுவான். உள்ளங்கைக்குள் அடங்கும் கல் நாயொன்றையோ கல் கோழியொன்றையோ செய்வித்து, அதிற் சேர்ந்த கல்லின் விலையைக் காட்டிலும் பன்மடங்கு மதிப்பை அதற்கு உண்டாக்கிய ஒருவர் ருஷ்யாவில் வாழ்ந்தார். பீட்டர் கார்ல் பாபெர்ஜே என்பது அவர் பெயர். ருஷ்ய சக்ரவர்த்திகளுக்கு அவர் செய்தளித்த ஈஸ்டர் முட்டைகளால் அப்பெயர் உலகெங்கும் பரவியிருக்கிறது. ஆனால், அவருடைய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கல் பிராணிகளே அவருடைய கொள்கையைத் தெளிவாக விளக்குவன என்பது நமது அபிப்பிராயம். அவற்றை முன்னிட்டே அவரது சரித்திரத்தை இங்கே சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

ஜார் சக்ரவர்த்திகளின் அரண்மனைக்கு விளையாட்டுச் சாமான் செய்து கொடுத்த ஒருவரைப்பற்றி, அரசியலில் ஈடுபட்ட அன்பர்கள் எதற்காக அறியவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. அதை நாம் ஒதுக்கிவிடப் போவதில்லை. ஒருவருடைய வாழ்க்கையை முழுதும் அறிந்த பின்னரே அவர்மீது தீர்ப்புக் கூறுவது முறையாகும் ஆதலால், முதலில் சரித்திரத்தைச் சொல்லிவிட்டுப் பின்னர் அக்கேள்விக்கு வருவோம்.

பாபெர்ஜேயின் முன்னோர் பிரான்ஸ் தேசத்தவர், புராட்டஸ்டண்டு மதத்தினர். பதினான்காம் லூயி மன்னன் அம்மதத்தினருக்கு அளிக்கப்பட்டிருந்த பாதுகாப்பை 1685-ஆம் ஆண்டில் ரத்துச் செய்தபோது, ஏராளமான குடும்பங்கள் தாய்நாட்டை விட்டு வெளியேறின. அவற்றுள் கைத்தொழிலில் தேர்ந்தவர்கள் பலர். அவர்களை இழந்த பிரான்ஸ் நஷ்டமடைந்தது. அவர்களை ஏற்றுக்கொண்ட நாடுகள் லாபமடைந்தன. பாபெர்ஜேயின் குடும்பம் ஜெர்மானிய நாடுகளின் வழியாகக் கிழக்கே சென்று, ருஷ்ய ஆட்சிக்குட்பட்ட பால்டிக் கடற்கரைப் பிரதேசத்தில் குடியேறியது. அங்கே 1814-ஆம் ஆண்டில் பிறந்த குஸ்தாவ் பாபெர்ஜே என்பவர் தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்குக்குச் சென்று பொற்கொல்லர் தொழிலைக் கற்று, 1842-ஆம் ஆண்டில் போல்ஷாயா மோர்ஸ்காயா வீதியில் ஒரு சிறு நகைக்கடை தொடங்கினார். டென்மார்க்கு தேசத்து ஓவியர் ஒருவரின் புதல்வியாகிய சார்லட் யுங்ஸ்டெட் என்னும் மாதை அவர் மணந்தார். இவர்களுடைய புதல்வராகக் கார்ல் 1846-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார்.

1860-ஆம் ஆண்டில் குஸ்தாவ் கடையை நம்பிக்கையான உதவியாளர்களிடம் ஒப்புவித்துவிட்டு, குடும்பத்துடன் ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டன் நகருக்குச் சென்று வசிக்கலானார். இந்த இடமாற்றம் பதினான்கு வயதுச் சிறுவனாகிய கார்லுக்குப் பெரும் பாக்கியமாக முடிந்தது. ஸாக்ஸனி மன்னர்கள் பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த பொன்னாலும் மணிகளாலும் ஸ்படிகத்தாலும் ஆன கலைப்பொருள்கள் அந்நகரில் பசுமை மண்டபம் என்று பெயர் பெற்ற காட்சிசாலையில் வைக்கப்பட்டிருந்தன. பின்னர் வாலிபப் பருவத்தில் கார்ல் ஜெர்மனியின் பிற நகரங்களிலும் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் யாத்திரை செய்தார். பிராங்க்பர்ட் நகரில் ஒரு நகைத் தொழிலாளியிடம் மாணாக்கராக அமர்ந்தார். பாரிஸ் நகரில் வர்த்தகக் கல்வி பயின்றார். தொழிலாளிக்குரிய கையும், வியாபாரிக்குரிய கணக்கும், ரசிகனுக்குரிய கண்ணும் ஒருவரிடமே பொருந்துவது அருமை. கார்லின் கல்வி இம்மூன்றையும் அவருக்கு அளித்தது.

தாயகம் திரும்பிய அவர் 1872-ஆம் ஆண்டில் விவாகம் செய்துகொண்டார். அதே ஆண்டில் தந்தையின் கடையையும் ஏற்றார். அக்காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் நம் கவனத்துக்குரியது. ஹெர்மிடேஜ் என்னும் அரசாங்கப் பொருட்காட்சிசாலையில் பழைய பொன்னாபரணங்களைச் செப்பனிடுவதற்கும் மதிப்பிடுவதற்கும் அவர் ஊதியம் பெறாமல் உழைத்தார். கருங்கடல் ஓரத்திலுள்ள கெர்ச் நகரின் அருகே பூமியிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்ட புராதன நகைகள் அங்கே இருந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தட்டார்கள் செய்த வேலையைக் கையில் எடுத்துப் பார்த்து, எப்படிச் செய்தார்கள் என்று ஆராய்வதைவிடச் சிறந்த பாடம் ஒரு தொழிலாளிக்கு வேறு ஏது? 1882-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் நடந்த அகில ருஷ்யக் கண்காட்சியில் பாபெர்ஜேயின் நகைகள் தங்கப் பதக்கம் பெற்றன. பெயர் தெரியாத பழைய ஆசிரியர்களுக்குச் செய்த ஊழியத்தின் பலன் அது என்றே சொல்லவேண்டும்.

அதே 1882-ஆம் ஆண்டில் அவருடைய தம்பி அகதோன் டிரெஸ்டனிலிருந்து வந்து தொழிலில் சேர்ந்தார். சகோதரர் இருவரும் சேர்ந்து கடையின் போக்கையே மாற்றினர். 1885-ஆம் ஆண்டில் மூன்றாம் அலெக்ஸாண்டர் சக்ரவர்த்தி, தம் மனைவியாகிய மரியா பியோதரோவ்னாவுக்கு ஈஸ்டர் பண்டிகைப் பரிசாக அளிப்பதற்கு முட்டையொன்று செய்வித்தார். வெள்ளை எனாமல் பூசிய அந்த முட்டையைத் திறந்தால் பொன்னாலான மஞ்சட்கரு. அதைத் திறந்தால் பொன்னாலான ஒரு பெட்டைக்கோழி. சக்ரவர்த்தினி மகிழ்ந்தாள், பாபெர்ஜே அரண்மனைக்குரிய பொற்கொல்லரென நியமனம் பெற்றார். அதுமுதல் 1916-ஆம் ஆண்டு வரையில் மூன்றாம் அலெக்ஸாண்டருக்கும் அவர் மகன் இரண்டாம் நிக்கொலஸுக்குமாக ஐம்பது முட்டைகள் அளிக்கப்பட்டன. ஜப்பானுடன் யுத்தம் நடந்த 1904, 1905-ஆம் ஆண்டுகளில் மட்டும் முட்டைகள் செய்யப்படவில்லை. பாபெர்ஜேயின் புகழ் முழுவதும் இந்த முட்டைகளிலேயே அடங்கியதென்று பலர் எண்ணுவது பிழை. அவருடைய ஸ்தாபனம் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட பொருள்களைச் செய்து விற்றது. அவற்றுள் கல் பிராணிகள் தனியொரு வகுப்பாகும்.

இங்கே வாசகர்களுக்கு ஓர் உண்மையைத் தெளிவாகக் கூறிவிடவேண்டும். இந்தப் பிராணிகளைத் தம் கையால் செதுக்கியவர் பாபெர்ஜே அல்லர். அவர் யோசனை கூறுபவர், சித்திரங்களைத் திருத்துபவர், கல்லைத் தேர்ந்தெடுப்பவர், முடிந்த வேலையை ஏற்பவர் அல்லது தள்ளுபவர். அவருடைய ஸ்தாபனத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் வேலை செய்தனர். பின்லாந்திலிருந்து வந்தவர்களும், ஸ்வீடிஷ், ஜெர்மானிய வம்சத்தவர்களும், ருஷ்யக் குடியானவர் குடும்பங்களில் பிறந்தவர்களும் அங்கே ஒன்றாக உழைத்தனர். முட்டைகள் பலவற்றைச் செய்த மிகாயில் பெர்கின் என்னும் தலைமைத் தொழிலாளி கரேலியாப் பக்கத்துக் குடியானவர் மகன். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஹென்ரிக் விக்ஸ்ட்ராம் பின்லாந்துக்காரர். தலைமைச் சித்திரக்காரராக இருந்த பிரான்ஸ் பிர்பௌம் ஸ்விட்ஸர்லாந்து தேசத்தவர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவர். அவரவர் பிரிவில் அவரவர்க்குச் சுதந்திரம். எல்லாவற்றுக்கும் மேலே பாபெர்ஜேயின் கண். வேலை திருப்தியாக இல்லாவிடில், அதற்கு எவ்வளவு செலவாகியிருந்தாலும் சுத்தியலால் உடைத்துவிடுவார் என்று அவருடன் பணியாற்றியோர் எழுதிவைத்திருக்கின்றனர்.

இனிக் கல் பிராணிகளின் விஷயத்துக்கு வருவோம். ருஷ்யா கல்வளம் மிகுந்த நாடு. யூரல் மலையில் ரோஜா நிறமுள்ள ரோடோனைட் கல்லும், பல நிற ஜாஸ்பர் கல்லும், ஸ்படிகமும் கிடைக்கின்றன. ஸைபீரியாவின் ஸயான் மலைப் பக்கத்தில் கீரைப் பச்சை நிறமான நெப்ரைட் கல் கிடைக்கின்றது. பீட்டர்ஹோப், ஏகாதெரின்பர்க், கோலிவான் ஆகிய இடங்களில் இருந்த அரசாங்கக் கல்வேலை ஆலைகள் நெடுங்காலமாக இக்கற்களைக் கொண்டு அரண்மனைகளுக்கு வேண்டிய பெருஞ்சாடிகளையும் தூண்களையும் மேஜைகளையும் செய்துவந்தன. ஆள் உயரத்துக்கு மேற்பட்ட சாடிகள் அவற்றுள் உண்டு. பார்ப்பவர் பிரமிக்கவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். பாபெர்ஜே அதே கல்லை எடுத்தார். அளவை மட்டும் தலைகீழாக்கினார். பிரமிப்புக்குப் பதிலாகப் பிரியத்தை உண்டாக்குவதே அவருடைய நோக்கமாக இருந்தது.

தென்னாப்பிரிக்காவின் சுரங்கங்கள் திறக்கப்பட்டபின் வைரங்கள் ஏராளமாக ஐரோப்பியச் சந்தைக்கு வந்த காலம் அது. வைரத்தின் எடையே நகையின் மதிப்பு என்று செல்வர்கள் கருதினர். அத்தகைய காலத்தில், பெருமதிப்பில்லாத சொந்த நாட்டுக் கல்லை முன்னிறுத்துவதற்குத் துணிவு வேண்டும். பாபெர்ஜேயிடம் அத்துணிவு இருந்தது. வைரமும் மாணிக்கமும் அவருடைய கல் பிராணிகளில் உண்டு. ஆனால், கடுகளவாகக் கண்ணின் ஸ்தானத்தில் மட்டுமே உண்டு. அங்கே அவை செல்வத்தைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டவையல்ல. பார்வையைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டவை.

இக்கற்களில் உருவம் செய்வதை நாம் செதுக்குதல் என்று சொல்லினும், உண்மையில் அது செதுக்குதலன்று, தேய்த்தலேயாகும். உளி கொண்டு அடித்தால் அகேட், ஜாஸ்பர் போன்ற கற்கள் சில்லுச் சில்லாகத் தெறித்துவிடும். கற்களின் கடினத்தை அளக்கும் முறையில் வைரத்துக்கு 10 என்று வைத்தால் இவற்றுக்கு ஏறத்தாழ 7 ஆகும். சாதாரண எஃகுக் கத்தி இவற்றின்மீது கீறல்கூட உண்டாக்காது. நெப்ரைட் சற்றே மிருதுவானது. ஆனால், அதன் உள்ளே நார்போன்ற இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் உடைப்பதற்கு அது எல்லாவற்றிலும் வலியது. ஆகவே, சுழலும் உலோகச் சக்கரங்களில் வைரப் பொடியையோ குருந்தப் பொடியையோ தடவி, அதன்மீது கல்லைப் பிடித்து, அணு அணுவாகத் தேய்த்தெடுக்க வேண்டும். முதலில் பெரிய சக்கரம் கொண்டு மொத்த வடிவம். பின்னர்ச் சிறு சக்கரங்கள் கொண்டு காதும் காலும் சிறகும். இறுதியில் மரமும் தோலும் கொண்ட சக்கரங்களால் மெருகு. மெழுகிலும் களிமண்ணிலும் பிழை நேர்ந்தால் ஒட்டிக்கொள்ளலாம். இங்கே தேய்ந்தது தேய்ந்ததே. நாயின் காதைச் சற்று அதிகமாகத் தேய்த்துவிட்டால், பலநாள் உழைப்பும் அக்கணமே வீணாகிவிடும்.

அதனினும் கடினமானது கல்லைத் தெரிந்தெடுப்பது. அகேட் கல்லில் வரிகள் உண்டு. ஜாஸ்பரில் புள்ளிகளும் மேகம் போன்ற படலங்களும் உண்டு. திறமையற்றவன் அவற்றைக் குறைகளென்று கருதி ஒதுக்குவான். பாபெர்ஜேயின் தொழிலாளிகளோ அவ்வரியைப் பிராணியின் ரோமமாகவும், அப்புள்ளியை அதன் தோலாகவும் ஆக்கினர். கல்லில் இருப்பதை மறைக்காமல், அதற்கேற்ற பிராணியைக் கண்டுபிடிப்பதே அவர்களுடைய ரகசியம். ஒரே கல் போதாத இடத்தில் பல கற்களைப் பொருத்துவதும் உண்டு. இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரத்திலுள்ள வான்கோழி ஒன்றின் உடல் ஆப்ஸிடியன் என்னும் கருநிற எரிமலைக் கண்ணாடியால் ஆனது. தலை லாபிஸ் லாஜூலி என்னும் நீலக்கல்லால் ஆனது. தொங்கும் சதை பர்புரின் என்னும் செந்நிறக் கண்ணாடியால் ஆனது. ஒட்டுமிடம் கண்ணுக்குப் புலப்படாது.

உருவத்தின் பாவனை விஷயத்தில் பாபெர்ஜே ஜப்பானியரிடம் பாடம் கற்றார். ஜப்பானியரின் பழைய உடையில் பை கிடையாது. சிறு பெட்டிகளைக் கயிற்றில் கட்டி இடைக்கச்சில் தொங்கவிடுவர். கயிறு நழுவாதபடி அதன் நுனியில் மாட்டும் சிறு பொம்மைக்கு நெட்ஸுகே என்று பெயர். யானைத் தந்தத்திலும் மரத்திலும் அவர்கள் செய்த எலிகளும் நாய்களும் தவளைகளும், எந்த மூலையும் துருத்தாமல் உருண்டு திரண்டு கையில் பொருந்துவன. பாபெர்ஜே தம் வீட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட நெட்ஸுகேக்களைச் சேர்த்துவைத்திருந்தார். அவருடைய கல் பிராணிகள் பல, வாலைச் சுருட்டிக்கொண்டும் காலை மடக்கிக்கொண்டும் உறங்கும் நிலையில் இருப்பதற்குக் காரணம் அதுவே. உடையாமலிருப்பதற்கு அந்நிலை ஏற்றது. கையில் வைத்துத் தடவி மகிழ்வதற்கும் ஏற்றது. பிறநாட்டுக் கலையைக் கண்டு அதை அப்படியே நகல் செய்யாமல், அதன் தத்துவத்தை மட்டும் கிரகித்துத் தம் நாட்டுக் கல்லில் நிறுத்தியது அவருடைய பெருமையாகும்.

தொடக்கத்தில் கல்வேலைகளை அவர் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த வெர்பெல் என்பவருடைய பட்டறையிலும் ஏகாதெரின்பர்க்கிலும் கூலிக்குச் செய்வித்தார். தேவை பெருகவே, 1908-ஆம் ஆண்டை ஒட்டித் தமக்கெனத் தனிக் கல்பட்டறை அமைத்தார். அதில் தலைசிறந்து விளங்கிய இருவர் டெர்பிஷெவ், கிரெம்லெவ் என்போர். இருவரும் யூரல் மலைப் பிரதேசத்துக் கல்வேலை மரபில் வந்தவர்கள். அவர்கள் கீழ் ஏறத்தாழ இருபது பேர் வேலை செய்தும், வந்த உத்தரவுகளை முடித்துக் கொடுக்கக் காலம் போதவில்லை. தலைமைச் சித்திரக்காரராகிய பிர்பௌம் 1919-ஆம் ஆண்டில் தம் நினைவுகளை எழுதிவைத்திராவிடில், இவ்விருவர் பெயரும் உலகுக்குத் தெரியாமலே போயிருக்கும். பொன்வேலைகளில் தலைமைத் தொழிலாளியின் முத்திரை பொறிக்கப்படும். கல் பிராணிகளுள் பெரும்பாலானவற்றில் எந்த முத்திரையும் இல்லை. பொன்னில்லாத பிராணியில் முத்திரை பொறிப்பதற்கு இடமும் இல்லை.

பாபெர்ஜேயின் கல் பிராணிகளுக்கு மிகப் பெரிய ஆதரவு ருஷ்யாவிலிருந்து மட்டும் வரவில்லை, இங்கிலாந்திலிருந்தும் வந்தது. அதற்குக் காரணம் இரு சகோதரிகள். ருஷ்யச் சக்ரவர்த்தினி மரியா பியோதரோவ்னாவும், இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் மனைவி அலெக்ஸாண்ட்ராவும் டென்மார்க்கு மன்னரின் புதல்விகள். அக்காளும் தங்கையும் ஒருவருக்கொருவர் பாபெர்ஜேயின் பொருள்களைப் பரிசாக அனுப்பி மகிழ்ந்தனர். பிராணிகளிடத்தில் அளவற்ற பிரியமுள்ள அலெக்ஸாண்ட்ரா அரசிக்குக் கல் பிராணிகளே விருப்பமானவை. 1903-ஆம் ஆண்டில் லண்டனில் பாபெர்ஜேயின் கிளை ஸ்தாபிக்கப்பட்டதும், அரசிக்குப் பரிசளிக்க விரும்பிய ஒவ்வொருவரும் அங்கே சென்று ஒரு பிராணியை வாங்கலாயினர்.

1907-ஆம் ஆண்டில் எட்வர்டு மன்னர் ஒரு புதிய ஏற்பாட்டுக்கு உத்தரவளித்தார். நார்போக் பிரதேசத்தில் ஸாண்ட்ரிங்ஹாம் என்னுமிடத்தில் மன்னருக்குச் சொந்தமான பண்ணை ஒன்று உண்டு. அங்கே வளரும் குதிரைகள், காளைகள், பன்றிகள், நாய்கள், கோழிகள் முதலியவற்றை உள்ளது உள்ளபடி கல்லில் செய்யவேண்டும் என்பது உத்தரவு. பாபெர்ஜேயின் சார்பில் சிற்பிகள் பண்ணைக்குச் சென்றனர். தொழுவத்திலும் கோழிக்கூட்டருகிலும் நின்று, உயிருள்ள பிராணிகளை நேரில் பார்த்து மெழுகில் உருவங்கள் செய்தனர். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 8-ஆம் தேதி மன்னர் பண்ணையின் பால்மனைக்கு வந்து மெழுகுருவங்களைப் பார்வையிட்டுச் சம்மதம் தெரிவித்தார். பின்னர் அவை பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்பப்பட்டு, ஒவ்வொரு பிராணிக்கும் ஏற்ற கல் தேர்ந்தெடுக்கப்பட்டு, உருவங்கள் உருவாயின. அரச மண்டபத்தில் பட்டத்துக் குதிரைக்கு மட்டும் இடம் என்றிருந்த நிலை மாறி, சேற்றில் புரளும் பன்றியும் வாத்தும் கலைக்குரிய பொருள்களாயின.

அவற்றுள் மிகப் புகழ் பெற்றது ஸீஸர் என்னும் நாய். மன்னரின் பிரியத்துக்குரிய அச்சிறு நாயை வெண்ணிறமான கால்ஸெடனிக் கல்லில் செய்து, கண்களுக்குக் கெம்புகள் பதித்து, கழுத்தில் பொன்பட்டை பூட்டினர். தான் மன்னனுக்கு உரியவன் என்று அறிவிக்கும் எழுத்துக்கள் அப்பட்டையில் எனாமலில் பொறிக்கப்பட்டன. ஆனால், அவ்வுருவம் விற்பனையாவதற்குள் 1910-ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்வர்டு மன்னர் காலமாகிவிட்டார். சவ ஊர்வலத்தில் பிற தேசத்து மன்னர்களுக்கு முன்னால் ஸீஸர் தன் எஜமானரின் உடலைப் பின்தொடர்ந்து சென்றது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் செல்வச் சீமாட்டி ஒருத்தி கல் ஸீஸரை 35 பவுனுக்கு வாங்கி, விதவையாகிவிட்ட அரசிக்குப் பரிசாக அளித்தாள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று நம்மவர் சொல்வதுண்டு. நாயை அடிக்கக் கல் தேடுபவனுக்குரிய பழமொழியாக அதை இன்று வழங்குகின்றனர். கல்லில் செய்த நாயைக் காண்பவனுக்கு உரியது அது என்று பெரியோர் கூறும் பொருளே பொருத்தமானது. ஸீஸரைக் காண்பவர் அப்பொருளை நன்கு உணர்வர்.

அந்த 35 பவுனை வாசகர்கள் கவனிக்கவேண்டும். அரண்மனை முட்டைகளுக்கு ஆயிரக்கணக்கில் ரூபிள் கொடுக்கப்பட்ட காலத்தில், ஒரு மன்னரின் நினைவுக்குரிய உருவத்தின் விலை அவ்வளவே. பாபெர்ஜே இதனால் வருந்தவில்லை. வைரங்களும் முத்துக்களும் குவிந்திருப்பதாலேயே விலையுயர்ந்த பொருளில் தமக்கு ஆசையில்லையென்றும், அத்தகைய பொருள்களை விற்போர் வியாபாரிகளேயன்றிக் கலைஞர்கள் அல்லரென்றும் அவர் 1914-ஆம் ஆண்டில் ருஷ்யப் பத்திரிகையொன்றுக்குத் தெரிவித்தார். அவருடைய வாழ்க்கையின் ஸாரம் அதுதான். பொருளின் மதிப்பைச் சுரங்கத்திலிருந்து எடுத்து, மனிதனுடைய கையிலும் கண்ணிலும் வைத்தார் அவர்.

அதே ஆண்டில் ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது. தொழிலாளிகள் பட்டாளத்துக்கு அழைக்கப்பட்டனர். கல்லுக்கு உயிரூட்டிய டெர்பிஷெவ் யுத்தகளத்தில் தன் உயிரைக் கொடுத்தார். மயிரிழையளவு பிசகாமல் வேலை செய்யப் பழகிய கைகள், பட்டாளத்துக்கு வேண்டிய ஊசிக்குழல்களையும் கைக்குண்டுகளையும் செய்யும் நிலை வந்தது. 1916-ஆம் ஆண்டில் சக்ரவர்த்தினிக்கு அளித்த முட்டைகளில் ஒன்று எஃகினால் ஆனது. பீரங்கிக் குண்டுகளின் வடிவமுள்ள கால்கள்மீது அது நிறுத்தப்பட்டிருந்தது. 1917-ஆம் ஆண்டில் புரட்சி வந்தது. ஜார் ஆட்சி வீழ்ந்தது. 1918-ஆம் ஆண்டில் போல்ஷிவிக் அரசாங்கம் ஸ்தாபனத்தைக் கைப்பற்றியது. எழுபத்திரண்டு வயதுக் கிழவராகிய பாபெர்ஜே நாட்டை விட்டு வெளியேறி, ரீகா நகர் சென்று, அங்கிருந்து ஜெர்மனிக்கும், பின்னர் ஸ்விட்ஸர்லாந்துக்கும் சென்றார். மதத்தின் பெயரால் பிரான்ஸை விட்டோடிய குடும்பம், இருநூற்று முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் அகதிக் குடும்பமாயிற்று.

தொழிலை இழந்த அவருக்கு வாழ்க்கையில் பற்றுதல் குன்றியது. 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24-ஆம் தேதி, லாஸான் நகரின் அருகே அவர் காலமானார். பின்னர் 1929-ஆம் ஆண்டில் அவருடைய மூத்த புதல்வர் யூஜீன், பிரான்ஸிலுள்ள கான் நகரில் தாயின் சமாதிக்குள் தந்தையின் அஸ்தியையும் சேர்த்தார். முன்னோர் இழந்த பிரெஞ்சு மண்ணில் அவருக்கு இறுதியில் இடம் கிடைத்தது. ருஷ்யாவில் பறிமுதலான அரண்மனைப் பொருள்கள் பலவற்றைச் சோவியத் அரசாங்கம் பிற்காலத்தில் அந்நியச் செலாவணிக்காக வெளிநாடுகளுக்கு விற்றது. இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரத்தில் உள்ளவை சிதறாமல் நூற்றுக்கணக்கில் இன்றும் ஒருங்கே இருக்கின்றன. முத்திரையில்லாமை பிற்காலத்தில் ஒரு பெருந்தொல்லைக்கு வழி வகுத்தது. ருஷ்யாவின் பிற பட்டறைகளிலும், ஜெர்மனியிலுள்ள இடார் நகரிலும் அக்காலத்தில் கல் பிராணிகள் செய்யப்பட்டன. பின்னர்ப் போலிகளும் பெருகின. கைமாறிய வரலாறு எழுத்து மூலம் தெரிந்தாலொழிய, இது பாபெர்ஜேயின் பட்டறையில் ஆனது என்று நிச்சயமாகக் கூற வல்லுநராலும் எளிதில் இயலாது.

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். குடிகள் துன்புற்ற காலத்தில் கொற்றவனுக்கு விளையாட்டுப் பொருள் செய்தவரைப் போற்றலாமா? 1905-ஆம் ஆண்டு ஜனவரியில் உரிமை வேண்டி மனுக் கொண்டு சென்ற நிராயுதபாணிகளான ஜனங்கள், பாபெர்ஜேயின் கடைக்குச் சமீபத்திலுள்ள அரண்மனைச் சதுக்கத்திலே சுடப்பட்டனர். அந்த ரத்தத்தை எந்த எனாமலும் மறைக்காது. ஜார் ஆட்சியின் ஆடம்பரத்துக்கு பாபெர்ஜே துணையாக இருந்தார் என்பதை நாம் மறுக்கவில்லை. அவருக்காக வாதாடவும் விரும்பவில்லை.

ஆயினும் ஒன்று சொல்வோம். ஆட்சி அழிந்தபோது அழிந்தது சக்ரவர்த்தியின் கிரீடம் மட்டுமன்று. யூரல் மலையில் தலைமுறை தலைமுறையாகக் கல்லைத் தேய்த்துக் கற்ற வித்தையின் தலைசிறந்த கூடமும் அழிந்தது. அது சக்ரவர்த்தியின் வித்தையன்று, ஜனங்களின் வித்தை. ஐந்நூறு பேரின் கைத்திறமை, சில அரண்மனைகளின் ஆதரவு என்னும் ஒற்றைக் கயிற்றில் தொங்கியது. கயிறு அறுந்ததும் வீழ்ந்தது. இதில் பாபெர்ஜேயின் குற்றம் பாதி. மக்களுக்கு அக்கலையை அனுபவிக்க வகைசெய்யாத சமூகத்தின் குற்றம் மறுபாதி. பழைய ஆட்சியை மாற்ற முயல்வோர் எவராயினும், அவ்வாட்சியின் நிழலில் வாழ்ந்த தொழில்களில் எவை ஆட்சிக்கு உரியவை, எவை ஜனங்களுக்கு உரியவை என்று முன்கூட்டியே பகுத்தறியவேண்டும். பகுத்தறியாமல் மரத்தை வெட்டினால், அதில் கூடு கட்டிய பறவைக்கும் இடமில்லாமற் போகும்.

மற்றொன்றும் உண்டு. பாபெர்ஜேயின் பெயர் இன்று உலகெங்கும் விளங்குகின்றது. டெர்பிஷெவ், கிரெம்லெவ் என்னும் பெயர்களை அறிந்தவர் சிலரே. அவர்களோடு சக்கரத்தின் முன் அமர்ந்து கல்தூளைச் சுவாசித்த ஏனையோரின் பெயர்களை அறிந்தவர் அவர்களினும் சிலர். தலைவருடைய கண் இல்லாவிடில் அப்பிராணிகள் உண்டாயிரா; தொழிலாளியின் கை இல்லாவிடிலும் உண்டாயிரா. கண்ணுக்குப் புகழும் கைக்கு மறதியும் என்பது நியாயமான பங்கீடு ஆகாது. கல்லினுள் உறங்கிய உயிரைக் கண்டவர் பாபெர்ஜே, அவரைப் போற்றுகின்றோம். அவ்வுயிரைத் துயிலெழுப்பி வெளியே கொணர்ந்தவர்கள் பெயரற்ற தொழிலாளிகள், அவர்களை வணங்குகின்றோம்.